அமெரிக்காவில் போலீஸ் துப்பாக்கிச் சூடு: செய்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஒரு பெட்டிச் செய்தி எழுதிக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் ஊரே திரள்கிறது, தெருச் சண்டையில் நூறு பேர் செத்தாலும் கேட்க நாதியில்லை என்பது அதன் சாரம். படித்ததும் சுரீரென்றது. 2016 கடைசியில் நான் எழுதிய பெட்டிச் செய்தியும் கிட்டத்தட்ட இதேதான். பெயர், வயது, ஊர்ப் பிழைகளை யாராவது பிடித்துவிடுவார்கள், அவற்றை விடுகிறேன்.

"மற்ற சாவுக்கு யாரும் கேட்பதில்லை"

அந்த ஆண்டு சிகாகோவில் 750க்கும் அதிகமான கொலைகள். பெரும்பாலானவை துப்பாக்கியால் நடந்தவை. அந்த எண்ணை ஒரு பக்கமும், 2014இல் அதே ஊர் போலீஸ் சுட்டுக் கொன்ற லக்வான் மெக்டொனால்டை இன்னொரு பக்கமும் வைத்து, "கோபம் மட்டும் இந்த ஒன்றுக்கா?" என்று முடித்தேன். அபாரமாக எழுதிவிட்டதாக நினைப்பு வேறு.

மறுநாள் ஒரு வாசகர் போன் செய்தார். மகள் சிகாகோவில் இருக்கிறாராம். "அவ இருக்கற தெருவுல மெழுகுவத்தி ஊர்வலம் போய்க்கிட்டேதான் இருக்கு தம்பி. உங்க பேப்பர்ல வரலைன்னா நடக்கலைன்னு அர்த்தமா?"

விசாரித்தால் அவர் சொன்னதுதான் சரி. தெற்கு சிகாகோவில் செயின்ட் சபைனா தேவாலயப் பாதிரியார் மைக்கேல் ஃப்ளேகர் பல ஆண்டுகளாகத் துப்பாக்கிக் கொலைகளுக்கு எதிராக ஊர்வலம் நடத்துகிறவர். பின்னாளில், 2018 ஜூலை 7 அன்று, அவரோடு சேர்ந்து ஆயிரக்கணக்கானோர் டான் ரையன் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். அந்த மறியல் போலீஸ் சூட்டுக்காக நடந்ததல்ல. சண்டை முற்றித் துப்பாக்கி வெளியே வருவதற்குள் நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பேசும் ஆட்களை அனுப்பும் திட்டமும் 2000இல் அதே ஊரில்தான் தொடங்கியது. அவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே தெருக் கும்பல்களில் இருந்தவர்கள்.

கேள்வியும் ஒன்றல்ல. தெருவில் சுட்டவனைப் பிடிக்க வேண்டியது போலீஸ். போலீஸே சுட்டால் யார் பிடிப்பது? மெக்டொனால்டுக்கு வயது 17. 2014 அக்டோபர் 20 இரவு, கத்தியோடு பாய்ந்து வந்தான் என்றது போலீஸ் தரப்பு. போலீஸ் காரின் கேமராவில் பதிவாகியிருந்தது வேறு: பையன் விலகி நடக்கிறான், 16 குண்டுகள் பாய்கின்றன. குடும்பம் வழக்குப் போடுவதற்கு முன்பே மாநகராட்சி 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வீடியோ வெளியே வர 13 மாதமும் ஒரு நீதிமன்ற உத்தரவும் தேவைப்பட்டன. சுட்ட ஜேசன் வான் டைக் மீது கொலை வழக்குப் பதிவானது, வீடியோ வெளியான அன்றுதான். "16 குண்டு, ஒரு மூடிமறைப்பு" என்று கூட்டம் கோஷம் போட்டது. அந்தக் கோஷத்தின் இரண்டாவது பாதியை நான் காதிலேயே வாங்கவில்லை.

பிறகு போலீஸ் தலைவர் பதவி இழந்தார், அரசு வழக்கறிஞர் (அங்கே அது தேர்தலில் ஜெயித்து வரும் பதவி) தன் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். வான் டைக்குக் கிடைத்தது 6 ஆண்டு 9 மாதம். மறைக்க உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று போலீஸாரும் விடுதலை. விஷயம் இவ்வளவு தூரம் வந்ததில் தெருவில் இறங்கியவர்களுக்கும் பங்குண்டு. நானோ தெருவில் இறங்கியவர்களைக் கேலி செய்திருக்கிறேன்.

நாலு வரியில் திருத்தம் போட்டோம். என் பெட்டிச் செய்தியின் படம் மட்டும் வாட்ஸாப்பில் இரண்டு வருடம் சுற்றியது.

போலீஸ் சூட்டையும் தெருக் கொலையையும் சம்பந்தமில்லாதவை என நினைப்பது

போலீஸ் மீது நம்பிக்கை போன தெருவில் சாட்சி சொல்ல ஆள் வராது. கொலைகாரன் அங்கேயே நடமாடுவான். அப்புறம் அவன் மீது எதிர்த்தரப்பு சுடும்.

மொத்த எண்ணை அப்படியே தூக்குவது

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். "48 ஆயிரம் கொலை" என்று தலைப்பு வைத்து வந்த பிரதியைக் கடைசி நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

"அமெரிக்க போலீஸ்"

அப்படி ஒன்று கிடையாது. ஏறத்தாழ 18,000 தனித்தனித் துறைகள். எந்த ஊர் என்று எழுதுங்கள்.

"துப்பாக்கிச் சூட்டில் பலி"

சுட்டது யார்?