தொட்டாற்சிணுங்கிக்கு நினைவு உண்டா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

தாவரங்களுக்கு அறிவு உண்டா என்று பொதுப்படையாகக் கேட்டால் வாதம்தான் வளரும். அதைவிடச் சிறிய கேள்வியை மொட்டைமாடியில் வைத்தே கேட்டுப் பார்க்கலாம்: தீங்கில்லாத ஓர் அதிர்வைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் தொட்டாற்சிணுங்கி சுருங்குவதை நிறுத்திவிடுமா? நிறுத்தினால் அது பழகிப்போனதாலா, களைத்துப்போனதாலா? மோனிகா கல்யானோவும் அவருடைய குழுவினரும் இந்தச் செடியைத் தொட்டியோடு 15 செ.மீ. உயரத்திலிருந்து மெத்தையான தளத்தின்மேல் 60 முறை தொடர்ந்து விழச்செய்து, செடிகள் சுருங்காமல் இருக்கப் பழகின என்றும் 28 நாட்கள் கழித்தும் அந்தப் பழக்கம் நீடித்தது என்றும் 2014இல் எழுதினர். கீழே சொல்லும் முறை அதன் எளிய வடிவம்.

ஒரே பருவத்தில் முளைத்த செடிகள் நான்கைந்தாவது வேண்டும். விதையின் தோல் கடினமானது என்பதால், வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைப்பது நல்லது. வயல் வரப்பிலிருந்து பெயர்த்துவந்த செடியானால், வேர் பிடித்துப் புதுத் தளிர் விடும்வரை அதைச் சோதிக்கக் கூடாது. சிறிய பிளாஸ்டிக் தொட்டியே வசதி. மண் சிதறாதபடி மேலே ஈரத் தேங்காய் நாரை அழுத்திவிடலாம். பொழுது சாயும்போது இச்செடி யாரும் தொடாமலே இலைகளை மூடிக்கொள்ளும். ஆகவே சோதனையைக் காலையில், இலைகள் முழுதாக விரிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

தொடங்குமுன் ஓர் இலையின் நுனியிலுள்ள சிற்றிலை இணையை மட்டும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அந்த இணை முதலில் மடியும்; பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று மடிப்பு அடிப்பக்கம் நோக்கி நகரும்; தூண்டல் வலுவாக இருந்தால் கடைசியில் காம்பே தொங்கிவிடும். மடியும் இடங்களில் சிறு புடைப்புகள் இருக்கின்றன. அங்குள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுவதால், விறைப்பு குறைந்து இலை மடங்குகிறது. மறுபடி விரியப் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேலாகும். இதை மனத்தில் வைக்காவிட்டால், நீர் திரும்பாததால் அசையாமல் கிடக்கும் இலையைப் ‘பழகிவிட்டது’ என்று எண்ணிவிடுவோம்.

தொட்டியைத் தடிமனான ஸ்பாஞ்சின்மேல் 15 செ.மீ. உயரத்திலிருந்து நேராக விட வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்திவைத்தால் உயரம் மாறாது. ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை என 60 முறை விட்டு, பத்துப் பத்து முறைக்கு ஒருதரம் மேலிருந்து செல்பேசியில் படம் எடுங்கள். இலை அகலத்தைச் செடியில் அளக்காமல் படத்தில் அளப்பதே சரி, ஏனென்றால் அளவுகோல் பட்டாலே இலை மூடிவிடும். படங்களின் வரிசையைக் கலைத்து, சோதனையைப் பாராத வேறொருவரை அளக்கச் சொல்வது இன்னும் நல்லது. விரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிற கண்ணுக்கு அரைகுறையாக விரிந்த இலையும் முழுதாகவே தெரியும். ஒரு செடியை எதுவும் செய்யாமல் அருகிலேயே வைத்து, அதையும் அதே நேரங்களில் படம் எடுத்து ஒப்பிட வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது அடுத்த படியைத்தான். விழும்போது இலைகள் சுருங்காத நிலை வந்ததும், அதே செடியைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிவிடுங்கள். உடனே சுருங்கினால் சுருங்கும் ஆற்றல் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். ஆனால் இது மட்டும் போதாது: ஆட்டுவது விழுவதைவிட வலுவான தூண்டலானால், களைத்த செடியும் அதற்கு மட்டும் அசையக்கூடும். பழகியதற்கும் களைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை 2014 ஆய்வு தெளிவாக்கவில்லை என்று ராபர்ட் பீக்லர் 2018இல் மறுப்பு எழுதினார். அந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆகவே ஆட்டிய பிறகு இலைகள் விரியும்வரை காத்திருந்து, மறுபடி 15 செ.மீ. உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். எதுவும் செய்யாத செடியையும் அன்றே முதல்முறையாக விட்டுப் பாருங்கள். புதிய செடி சுருங்கி, பழைய செடி சுருங்காமல் இருந்தால்தான் பேச ஏதாவது இருக்கிறது.

அப்படி வந்தாலும் அதை ‘அறிவு’ என்று எழுத நான் துணியமாட்டேன். தீங்கில்லாத தூண்டலுக்குப் பழகிப்போவது நரம்பே இல்லாத, ஒற்றைச் செல்லாலான ஸ்டென்டர் என்ற உயிரியிலும் காணப்படுகிறது. பட்டாணிச் செடி இரண்டு செய்திகளைத் தொடர்புபடுத்திக் கற்கும் என்று கல்யானோவின் குழு 2016இல் சொன்னதை, கேசி மார்க்கெல் 2020இல் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ‘முன் நிகழ்ந்தது பின்வரும் அசைவை மாற்றியது’ என்று குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

நீண்ட கால விளைவை அறிய விரும்பினால், செடிகளை நான்கு வாரம் தொந்தரவு செய்யாமல் வளர்த்து, அதே உயரத்தில் அதே ஸ்பாஞ்சின்மேல் சோதியுங்கள். அதற்குள் புதிய இலைகள் வந்திருக்கும். பழைய இலைகளின் காம்பில் முதல் நாளே நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தால், இரு வகையையும் தனித்தனியாக அளக்கலாம்.