ரூகர் 10/22-க்கு மாற்றுக் குழல்: நீளத்தை விடுங்கள், சேம்பரைப் பாருங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேரிடம் ரூகர் 10/22 இருக்கும். 1964-இல் வந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், சுடுவது .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சின்னத் தோட்டா, இன்றும் விற்றுக்கொண்டே இருக்கிறது. இதில் குழலை நாமே கழற்றி மாட்டலாம் என்பதால் வாங்கிய ஆறாவது மாதமே எல்லோருக்கும் கை அரிக்க ஆரம்பித்துவிடும். எனக்கும் அரித்தது.

ஆனால் முதலில் ஒரு கேள்வி. குழல்தான் கோளாறா? .22 தோட்டாவில் இருப்பது மெதுவாகப் போகும் மிருதுவான ஈயக் குண்டு, அது குழலைத் தேய்க்க ஆயிரக்கணக்கில் அல்ல, அதைவிடப் பல மடங்கு சுட வேண்டும். குழல் கெட்டுப்போவது பெரும்பாலும் நாம் துடைக்கிற லட்சணத்தால்தான். 10/22-இல் பின்பக்கமாகக் கம்பி விட வழியில்லாததால் வாய்ப்பக்கமாக விட்டு விட்டு எடுக்கிறோம், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற அந்த வாய் விளிம்பை, அதாவது க்ரௌனை, கம்பி உரசித் தின்றுவிடுகிறது. டார்ச் அடித்து அங்கே ஒரு சின்ன நெளிவு தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டாக்கை, அதாவது தோளில் அணைக்கும் கட்டையை, பிடிக்கும் திருகும் ஸ்கோப் அடித்தளத்தின் திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நாலைந்து வகைத் தோட்டா வாங்கி, 50 கஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து குண்டாக ஐந்து காகிதம் சுடுங்கள். தோட்டா மாற்றினாலே துளைகள் விழும் வட்டம் பாதியாகச் சுருங்குகிற ரைஃபிள்களைப் பார்த்திருக்கிறேன், அந்தச் செலவு புதுக் குழலின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

இதெல்லாம் செய்தும் புதுசு வேண்டும் என்றால், சரி, சேம்பரிலிருந்து தொடங்குங்கள். விளம்பரங்களில் நீளத்தையும் பருமனையும் நிறத்தையும் பெரிய எழுத்தில் போடுவார்கள், சேம்பர் கீழே ஒரு மூலையில் இருக்கும்.

சேம்பர் என்பது தோட்டா போய் உட்காரும் இடம். கம்பெனிக் குழலில் இருப்பது ஸ்போர்ட்டிங் சேம்பர், கொஞ்சம் தாராளமானது, அழுக்கு இருந்தாலும் மலிவுத் தோட்டா போட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மறுகோடியில் மேட்ச் சேம்பர், இங்கே குண்டின் முனை, குழலுக்குள் சுழலாக வெட்டியிருக்கும் புரிகளில் போய்க் கவ்வி உட்காரும், அதனால்தான் துல்லியம் கூடுகிறது. கூடவே வரும் தொல்லை, சுடாத தோட்டாவைத் திரும்ப வெளியே எடுக்க முயன்றால் குண்டு உள்ளேயே நின்றுவிட்டு உறை மட்டும் கழன்று மருந்து முழுவதும் போல்ட்டுக்குள், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் பாகத்துக்குள், கொட்டலாம். இரண்டுக்கும் நடுவில் பென்ட்ஸ் சேம்பர், இறுக்கமானதுதான், ஆனால் செமி ஆட்டோவுக்காகவே யோசித்து வெட்டியது, சுடாத தோட்டாவையும் விட்டுக்கொடுக்கும்.

நான் முதலில் வாங்கியது மேட்ச். பெயரே நன்றாக இருந்ததே! கையில் இருந்ததோ மொத்தமாக வாங்கிய 500 தோட்டா டப்பா. மேகசினுக்கு இரண்டு தடவை சிக்கியது, மதியம் முழுக்கச் சுட்டதைவிடச் சிக்கெடுத்ததுதான் அதிகம். குழலில் குறையே இல்லை, என் பழக்கத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு என் பதில் பென்ட்ஸ். இன்னொன்று, சிசிஐ ஸ்டிங்கர் தோட்டாவின் உறை வழக்கத்தைவிட நீளம், அதை மேட்சிலும் பென்ட்ஸிலும் போடாதீர்கள்.

நீளத்துக்கு வருவோம். கம்பெனிக் கார்பைனின், அதாவது சாதாரண 10/22-இன், குழல் 18.5 அங்குலம். .22-இல் இருப்பது துளி மருந்து, 16 முதல் 18 அங்குலத்துக்குள் அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் நீட்டினால் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்காது. 16 அங்குலத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் அது வேறு வகையாகிவிடும், முன் அனுமதி இல்லாமல் மாட்டினால் குற்றம்.

பருமன்தான் பலரை மாட்டிவிடுவது. 0.920 அங்குல விட்டமுள்ள புல் பேரல் (முழு நீளமும் ஒரே தடிமனான குழல்) பழைய ஸ்டாக்கின் பள்ளத்தில் இறங்காது, ஒன்று பள்ளத்தைக் குடைய வேண்டும், இல்லை வேறு ஸ்டாக் வாங்க வேண்டும், முன்னால் இருக்கும் வளையமும் சேராது, பெரும்பாலும் குறிமுள்ளும் இருக்காது என்பதால் ஸ்கோப் கட்டாயம். முழு எஃகில் 18 அங்குலம் என்றால் குழல் மட்டுமே மூன்று பவுண்டுக்கு மேல். மேஜையில் வைத்துச் சுடுபவருக்கு அந்தக் கனம் வரம், அணில் வேட்டைக்குக் காட்டில் நடப்பவருக்குத் தோள்வலி. நடப்பவர்கள் கம்பெனிக் குழலின் அளவிலேயே மெலிந்து போகும் குழலையோ, உள்ளே மெல்லிய எஃகு வைத்து மேலே கார்பன் ஃபைபர் சுற்றியதையோ பாருங்கள்.

ட்விஸ்ட், அதாவது புரிகள் சுற்றும் வேகம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வழக்கமான 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுக்கு அதுதான் சரி. 60 கிரெய்ன் குண்டு சுடப்போகிறவருக்கு மட்டும் இன்னும் வேகமான சுற்று தேவை. சைலன்சர் மாதிரி எதையாவது மாட்ட குழல் வாயில் மரை வேண்டுமா என்பதை உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், நியூயார்க்கில் செமி ஆட்டோவில் அது வில்லங்கம். இரண்டாகக் கழற்றிவைக்கும் டேக்டவுன் மாடல் வைத்திருப்பவர்கள் அதற்கென்றே செய்த குழலை வாங்க வேண்டும், சாதாரணக் குழல் சேராது.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி ரிசீவர், அதாவது போல்ட்டும் குழலும் பொருந்தும் நடுக்கூடுதான் துப்பாக்கி, குழல் வெறும் உதிரிபாகம், அதனால் பெரும்பாலான மாநிலங்களில் தபாலிலேயே வரும். ஊரில் இந்தக் கதை செல்லாது, இந்திய ஆயுதச் சட்டத்தில் உதிரிபாகமும் ஆயுதம்தான். சித்தப்பாவுக்கு ஆசையாக இருக்கிறதே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

மாட்டுவது சுலபம். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குழலுக்கு மரை கிடையாது, ரிசீவருக்குள் சொருகி, கீழே வி-பிளாக் என்ற கட்டையை இரண்டு ஆலன் திருகால் இறுக்குகிறோம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ரிசீவர் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். உள்ளே போக மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். சொருகியதும் லொடலொடவென்று ஆடினால் திருப்பி அனுப்புங்கள். ஹெட்ஸ்பேஸை, அதாவது தோட்டா உட்கார போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை, ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளவி போட்டுப் பார்த்துவிட்டுச் சுடுவது நல்லது. முதல் ஐம்பது குண்டுக்குப் பிறகு அந்த இரண்டு திருகையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், எனக்கு ஒன்று தளர்ந்திருந்தது.