அமில மண்ணில் தானியப் பயிர்: முதலில் சுண்ணாம்பு, அப்புறம் நுண்ணூட்டம்

இலை வெளுத்ததும் நுண்ணூட்டக் கலவை (பயிருக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் துத்தநாகம், போரான் போன்ற சத்துகள்) வாங்கித் தெளிப்பவர்கள் நிறைய. அமில மண்ணில் அது பெரும்பாலும் வீண் செலவு. அங்கே சில சத்துகள் அளவுக்கு மீறிக் கரைந்து நஞ்சாகின்றன, சில இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. எது எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே உர மூட்டையைப் பிரியுங்கள்.

1. மண் மாதிரி

வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டில் ஒரே கனமாக மண்ணைச் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் வாளியில்தான் சேர்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி என்றால், அந்தப் பூச்சு மண்ணில் கலந்து ஆய்வு முடிவையே கெடுத்துவிடும். நன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும். பி.எச். (மண்ணின் அமிலத்தைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்), சுண்ணாம்புத் தேவை, துத்தநாகம், போரான் நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

2. பி.எச். சொல்வது

5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரையத் தொடங்கும். அது பயிருக்குச் சத்தே இல்லை, ஆனால் வேர் நுனியைக் கருக்கிவிடும். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் குட்டையாக, தடித்து, சல்லி வேரில்லாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வேரே இல்லாத பயிர் எந்த உரத்தை எடுக்கும்? மாங்கனீசும் மிகுந்து, முதிர்ந்த இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வரலாம். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் இரும்பு மிகுந்தால் கீழ் இலைகள் நுனியிலிருந்து செம்பழுப்பாகும்.

நுண்ணூட்டங்களில் மாலிப்டினம் மட்டும் இதற்கு நேர் எதிர். அமிலம் கூடக்கூட மண் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பயிர் நைட்ரேட்டாக எடுத்த தழைச்சத்தைப் புரதமாக்க மாலிப்டினம் தேவை, அது குறைந்தால் தழைச்சத்துக் குறைபாடு போலவே இலை வெளுக்கும். அதைப் பார்த்து யூரியாவை அள்ளிப் போட்டால், யூரியா மண்ணை இன்னும் அமிலமாக்கும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான்.

3. சுண்ணாம்பு

ஆய்வு சொன்ன அளவில், விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே நன்றாகப் பொடித்த சுண்ணாம்புக் கல்லை உழுது கலக்குங்கள். பி.எச். 6 அருகே வந்ததும் நிறுத்துங்கள். 7 வரை ஏற்ற நினைக்காதீர்கள்: அலுமினியம் அடங்கும், மாலிப்டினம் விடுபடும், ஆனால் துத்தநாகமும் போரானும் பயிருக்குக் கிடைப்பது குறையும். துத்தநாகக் குறைவை மக்காச்சோளம் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். இளம் இலையின் அடிப்பகுதியில், நடு நரம்பின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை விழும்.

4. குறைந்ததை மட்டும் கொடுங்கள்

துத்தநாகம் குறைவு என்று வந்தால் எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் அடியுரமாக இடுவது வழக்கம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தோடு கலக்க வேண்டாம். நின்ற பயிருக்கு என்றால் 100 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 250 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, வடிகட்டித் தெளிக்கலாம். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இலை கருகக்கூடும்.

போரானில் கவனம் வேண்டும். மணற்பாங்கான அமில மண்ணில் மழை அதை அடித்துச் சென்றுவிடும், கோதுமையில் கதிர் வந்தும் மணி பிடிக்காது. ஆனால் குறைவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது, எனவே ஆய்வு முடிவு இல்லாமல் போரானைத் தொடாதீர்கள்.

5. மறுபடி அளவிடுங்கள்

அறுவடை முடிந்ததும் பி.எச். பாருங்கள். அம்மோனிய உரமும் மழையும் அதை மெல்ல இறக்கிக்கொண்டே இருக்கும். 5.5-ஐ நெருங்கினால் மூன்றாம் வேலையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.