வண்ணக் கண்ணாடியில் புனிதர் உருவம்: ஓவியத்தில் சரி, ஜன்னலில் ஏன் சொதப்புகிறது?

ஆக்ஸ்போர்டு நியூ காலேஜ் சிற்றாலயத்தின் மேற்கு ஜன்னலுக்கு ஓவியம் தந்தவர் ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ். அதைக் கண்ணாடியில் தீட்டியவர் தாமஸ் ஜெர்வைஸ், 1785-இல் முடித்தார். கித்தானில் எடுபட்ட ஒளியும் நிழலும் கண்ணாடியில் இன்னும் ஜொலிக்கும் என்று ரெனால்ட்ஸ் நம்பினார். நடந்தது நேர்மாறு. கண்ணாடியின்மேல் தீட்டிய எனாமல் என்ற வண்ணப் பூச்சு வெளிச்சத்தை மறித்துவிட்டது.

பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றும் நியோகிளாசிக்கல் பாணியில் வரைபவர்கள் இன்றும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். சூளையில் சுட்டுப் பதிக்கும் பழுப்பு மை முகத்துக்கும் அங்கி மடிப்புக்கும் போதும். 1842-இல் பாரிஸின் சான் ஃபெர்தினான் சிற்றாலயத்துக்கு பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் வரைந்த புனிதர்கள் தனித்தனியாக, நேராக, அகன்ற மடிப்புகளோடு நிற்கிறார்கள். கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை, அதாவது ஈயக்கோடு, ஓடுவதற்கு அந்த மடிப்புகளே வழி.

அடுத்த தவறு, உருவத்தை முடித்துவிட்டு ஈயக்கோட்டுக்கு இடம் தேடுவது. சிலுவையைத் தாங்கும் புனித ஹெலேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மடங்கிய முழங்கை பின்னணிக்குள் கூராக நீட்டியிருக்கும். அதைச் சுற்றிப் பின்னணியை ஒரே துண்டாக வெட்டப் போனால் உள்மூலையில் கீறல் ஓடும். வெட்டும்போது தப்பினாலும் சூளையிலோ பொருத்தும்போதோ விரியும். முழங்கை நுனியிலிருந்தே ஒரு கோட்டை வெளியே இழுத்து, பின்னணியில் வரைந்த மாடத்தூணின் கல் இணைப்பில் மறைத்துவிடுங்கள்.

வெளிக்கோட்டுக்கு 8 முதல் 10 மி.மீ. ஈயப் பட்டை, முகத்தருகே 5 மி.மீ. எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன் போட்டால் ஓவியம் கூண்டில் அடைபட்டதுபோல் ஆகிவிடும். பட்டையின் நடுத்தண்டுக்காகத் துண்டுகளுக்கிடையே 1.5 முதல் 2 மி.மீ. விட வேண்டும். விடாவிட்டால் பத்து இணைப்பில் ஒன்றரை, இரண்டு செ.மீ. கூடிப்போய் பலகம் ஜன்னலின் கல் சட்டத்துக்குள் நுழையாது. அங்கே கல்லையா செதுக்க முடியும்?

பலகத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் 30 முதல் 40 செ.மீ.க்கு ஒன்று வரும். அவற்றை முதலிலேயே குறித்துக்கொண்டு உருவத்தை வையுங்கள். கம்பி கண்ணுக்கு நேராக விழுந்த முகத்தை எந்தத் திறமையும் காப்பாற்றாது.

கிரீடத்துக்கும் ஒளிவட்டத்துக்கும் மஞ்சள் தருவது வெள்ளிச் சாயம். இதைக் கண்ணாடியின் பின்பக்கம் பூசுவது வழக்கம். மை 650 டிகிரி செல்சியஸ் அருகில் சுடப்படும். வெள்ளிச் சாயத்துக்கு 560 அருகிலேயே போதும். ஆகவே மை முதலில், சாயம் கடைசியில். இரண்டையும் ஒரே சூட்டில் போட்டால் மஞ்சள் கறுத்து, உலோகப் படலம்போல் ஒளியை மறைக்கும். கண்ணாடிக்குக் கண்ணாடி சாயம் பிடிப்பது மாறும் என்பதால் அதே தகட்டின் ஒரு துண்டில் சோதியுங்கள்.

நீலம் பக்கத்து நிறத்தின்மேல் கசியும். நீலப் போர்வையை ஒட்டிய வெள்ளைக் கை தூரத்தில் மெலிந்து தெரியும். போர்வையின் விளிம்பில் மையால் நெருக்கமான கோடுகள் இழுத்தால் அடங்கும்.

உருவத்தைச் சுற்றி வரையும் சட்டகத்தில் கோதிக் கூர்வளைவைக் கலக்க வேண்டாம். அரைவட்ட வளைவும் அகாந்தஸ் இலையும்தான் இந்தப் பாணி.

புனிதரை அடையாளம் காட்டும் பொருளைச் சிறிதாக்குவது இன்னொரு தவறு. பேதுருவின் சாவித்தண்டு ஈயப் பட்டையைவிட மெலிந்தால், கீழே நிற்பவருக்கு அதுவும் ஓர் ஈயக்கோடுதான்.