தோட்டத்து மழைப் பதிவேட்டிலிருந்து வளிமண்டலவியல் முனைவர் பட்டத்துக்கு

‘மலேசியாவில் பருவநிலை மாற்றம்’ என்று தலைப்புப் போட்டு முனைவர் பட்ட மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது; தலைப்பு அவ்வளவு பரந்தது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருப்பவருக்குக் கேள்வி பக்கத்திலேயே கிடக்கிறது: பேராக்கின் உட்பகுதியில் ஒரே நாளில் 50 மி.மீ.க்கு மேல் கொட்டும் மழை கூடியிருக்கிறதா? இ.ஆர்.ஏ.5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவு (பழைய அளவீடுகளையும் கணினி வானிலை மாதிரியையும் இணைத்து உருவாக்கியது) அந்த மழையை எவ்வளவு தவறவிடுகிறது?

இளங்கலை இயற்பியலோ கணிதமோ பொறியியலோ, எதுவானாலும் சரி. வகையீட்டுச் சமன்பாடு, பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், புள்ளியியல் நான்கும் கைவசம் இருக்க வேண்டும். லினக்ஸும் பைத்தானும் தெரியாமல் சேர்ந்தால் முதல் ஆண்டு அதிலேயே கரைந்துவிடும்.

இனி தரவு. பட்டை நனைந்தால் பால்வெட்டு நின்றுவிடும் என்பதால் பழைய ரப்பர்த் தோட்டங்களில் மழையளவை ஆபீசில் எழுதி வைப்பது வழக்கம். அந்தப் பதிவேடு இன்னும் செல்லரிக்காமல் இருந்தால், நிர்வாகியிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஆனால் எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஞாயிறு தோறும் பூஜ்யம், திங்கள் தோறும் பெரிய எண் என்று வந்தால் கிராணி (தோட்ட எழுத்தர்) ஞாயிற்றுக்கிழமை அளக்கவில்லை என்று பொருள். அந்தத் திங்கள்களைக் கனமழைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காலை 8 மணிக்கு அளந்தது பெரும்பாலும் முந்தைய நாள் மாலை பெய்த மழை. எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று பாருங்கள். இன்றைய 8 மணி என்பது யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் 00 மணி. 1982 ஜனவரி 1-க்கு முந்தைய ஆண்டுகளில் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது. நாள் மழைக்கு இது பெரிதல்ல, மணிவாரித் தரவோடு ஒப்பிட்டால் இடறும். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும்; 25.4-ஆல் பெருக்குங்கள். அளவுக் கண்ணாடி உடைந்து, 8 அங்குல வாயுள்ள மழைமானிக்கு 5 அங்குல வாயுள்ள மானியின் கண்ணாடியைப் பயன்படுத்தியிருந்தால் மழை 2.56 மடங்கு கூடித் தெரியும். மானியைச் சுற்றிச் செம்பனை வளர்ந்திருந்தால் குறைந்து தெரியும். மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்காவது தள்ளி மானி இருக்க வேண்டும்.

இவற்றில் கண்ணாடி, மரம் போன்றவற்றால் வரும் பிழைகளைப் பிடிக்க எளிய வழி, ஈப்போ வானிலை நிலையத்தின் திரள் மழைத்தொகைக்கு (தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் மொத்தத்துக்கு) எதிரே தோட்டத்தின் திரள் தொகையை வரைவது. கோடு முறியும் ஆண்டில் மானியோ இடமோ ஆளோ மாறியிருக்கக்கூடும்.

ஒரு தோட்டம் ஒரு புள்ளிதான். இ.ஆர்.ஏ.5-இன் ஒரு கட்டம் சுமார் 31 கி.மீ. அகலப் பரப்பின் சராசரி; மாலை இடிமழையோ சில கி.மீ. அகலத்தில் முடிந்துவிடும். புள்ளியைக் கட்டத்தோடு நேராக ஒப்பிட்டால் வாய்மொழித் தேர்வில் முதல் அடி அங்கேதான் விழும். ஐந்தாறு தோட்டங்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஐமெர்க் செயற்கைக்கோள் தரவின் 0.1 பாகைக் கட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

மேலே சொன்ன திரள் மழை வரைபடம் ஒன்று, ஒரு பக்கத் திட்டம், மதிப்பெண் பட்டியல். மேற்பார்வையாளருக்கு முதல் மடலில் இவ்வளவு போதும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றையாவது உண்மையிலேயே படித்துவிட்டு எழுதுங்கள். படிக்காதது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

உள்நாட்டில் யு.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்), மலாயாப் பல்கலைக்கழகம், யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் ஆகியவற்றில் தேடலாம். பொதுவாக முதுகலை கேட்பார்கள். அமெரிக்காவில் இளங்கலை முடித்ததுமே நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆய்வு உதவியாளர் இடம் கிடைத்தால் கட்டணமும் கழிந்து மாத உதவித்தொகையும் வரும். ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே கதவு மூடிவிடும்.

சேரும் முன், மேற்பார்வையாளரின் ஆய்வு மானியம் எந்த மாதம் முடிகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மானியம் இரண்டாம் ஆண்டில் நின்று, ஆய்வேடு நான்காம் ஆண்டுக்கு இழுத்தால், இடையில் பகுதிநேர டியூஷன் எடுத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.