பருப்பு வேகாத தண்ணீருக்கு ஏற்ற மீன்கள்

செட்டிநாட்டு அடுக்களையில் தண்ணீரைச் சோதிக்கப் பருப்பு ஒன்றே போதும். சீக்கிரம் குழைந்தால் அது சமையலுக்கு உரிய தண்ணீர். எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நின்றால் அது பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் மட்டுமே. என் அப்பத்தா இந்த இரண்டையும் தனித்தனிக் குடங்களில் வைத்திருப்பார். மாற்றி மொண்டவர் யாராக இருந்தாலும் ஏச்சு உண்டு. குட்டி போடும் மீன்களைத் தொட்டியில் சேர்த்து வளர்க்க நினைப்பவர், நிறத்தையும் வாலையும் பார்ப்பதற்கு முன்னால், தம் வீட்டில் எந்தக் குடத்துத் தண்ணீர் தொட்டிக்குப் போகப் போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கும் விரும்புவது அந்த இரண்டாவது குடத்தைத்தான்.

இவற்றின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஓடைகளிலும், மோலியைப் பொறுத்தவரை கடலோர உவர்நீரிலும் வாழ்ந்து பழகிய மீன்கள் இவை. ஆகவே கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடினத் தண்ணீர் இவற்றின் உடலுக்கு இயல்பானது. கடினத்தன்மையைச் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி கொண்டு அளந்து பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கப்பியும் பிளாட்டியும் வாள்வாலும் நன்றாக இருக்கும். 250 மில்லிகிராமைத் தாண்டினால் மோலிக்கும் மகிழ்ச்சி. பி.எச். அளவு 7.2 முதல் 8.2 வரை இருக்கலாம். பலர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். கருவி கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுமே தவிர, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சோற்றுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதும் சோப்பு நுரைக்க மறுப்பதும் அதைவிட நம்பகமான அடையாளங்கள்.

காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் சுவைக்குப் பெயர் பெற்றது. ஆனால் நாக்குக்கு இனிக்கும் தண்ணீரெல்லாம் மோலிக்கும் இனிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் முதன்முதலில் வாங்கிய ஐந்து கறுப்பு மோலிகளை, அவற்றுக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஆர்.ஓ. கருவியில் பிடித்த தண்ணீரில் விட்டேன். மூன்றாம் நாள் அவை இடத்தை விட்டு நகராமல், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, குளிரில் நடுங்குவதுபோல் உடலை மட்டும் நெளித்துக்கொண்டிருந்தன. அது நோய்க் கிருமியின் வேலை அன்று. தாது உப்புகள் இல்லாத தண்ணீரைத் தாங்க முடியாத திணறல். வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நாளுக்கு ஒரு குவளை வீதம் கலந்து வந்த பிறகு மூன்று தேறின. இரண்டு போய்விட்டன.

வீட்டுத் தண்ணீர் உண்மையிலேயே மென்மையாக இருந்தால், நன்றாகக் கழுவிய கிளிஞ்சல்களை ஒரு வலைப் பையில் கட்டி வடிகட்டியில் வைக்கலாம். அவை மெல்லக் கரைந்து கடினத்தன்மையை உயர்த்தும். நம் ஊர்ச் சுவர்ப் பூச்சுக்குப் பயன்பட்ட அதே கிளிஞ்சல்தான், ஆனால் சுடாத கிளிஞ்சல். சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டால் பி.எச். ஒரேயடியாக ஏறி மீன்கள் மாண்டுவிடும். அதேபோல், தொட்டிக்கான தண்ணீரைச் செம்பு அண்டாவில் ஊற்றி வைக்கவே கூடாது. சிறிதளவு செம்பு கரைந்தாலும் மீன்களுக்குக் கெடுதி, நத்தைக்கும் இறாலுக்கும் உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைச் சேர்க்க வேண்டும்.

இனி எதனோடு எதைச் சேர்ப்பது என்பது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவுக்குக் கப்பியும் பிளாட்டியும் மிகப் பொருத்தமான ஜோடி. இரண்டும் ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை, ஒன்றையொன்று துன்புறுத்துவதில்லை, தம்முள் கலப்பினமும் ஆவதில்லை. கப்பி மேல்மட்டத்தில் திரியும். பிளாட்டி நடுவிலும் அடியிலும் மேயும். மோலிக்கும் வாள்வாலுக்கும் இந்தத் தொட்டி போதாது. வாள்வால் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை வளரும், பாய்மர மோலி அதையும் தாண்டும். இரண்டுக்கும் குறைந்தது மூன்றடித் தொட்டி வேண்டும். வாள்வால் துள்ளிக் குதிக்கும் மீன் ஆதலால் மூடியும் வேண்டும். அதில் இரண்டு ஆண்கள் இருந்தால் ஒன்று மற்றொன்றை மூலையில் ஒடுக்கிவிடும். ஓர் ஆணோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கலப்பினம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. பிளாட்டியும் வாள்வாலும் நெருங்கிய உறவு. ஒரே தொட்டியில் விட்டால் இரண்டுமல்லாத குட்டிகள் பிறக்கும். கப்பியும், அதற்கு மிக நெருங்கிய உறவான எண்ட்லர் என்ற சிறு மீனும் அப்படியே, இன்னும் எளிதாகக் கலந்துவிடும். அழகுக்காக மட்டும் வளர்ப்பவருக்கு இது குறையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் எண்ட்லரின் கோடுகளை விரும்பி வாங்கியவர், இரண்டே தலைமுறையில் அவை மங்கிப்போவதைப் பார்த்து வருந்துவார்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கடினமன்று. ஆணின் அடிவயிற்றுத் துடுப்பு குச்சிபோல் நீண்டிருக்கும். பெண்ணுக்கு அது விசிறிபோல் விரிந்திருக்கும். ஆண்கள் ஓயாமல் பெண்களைத் துரத்துவதால், ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற கணக்கு நல்லது. இல்லையேல் இளைத்துச் சாவது பெண்தான். கடையிலிருந்து வரும் பெண் பெரும்பாலும் ஏற்கெனவே கருவுற்றிருக்கும். அது மட்டுமன்றி, ஒருமுறை பெற்ற விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். எனவே பெருக்கம் வேண்டாம் என்பவர் பெண்களை மட்டும் வாங்குவதில் பயனில்லை. ஆண் கப்பிகளை மட்டும் எட்டு எண்ணிக்கையில் வாங்கி விடுவதே சரியான வழி. நிறமும் அவற்றுக்குத்தான் அதிகம்.

வேறு இன மீன்களைத் துணைக்குச் சேர்ப்பதானால், கடினத் தண்ணீரைத் தாங்குமா, துடுப்பைக் கடிக்குமா என்ற இரண்டு கேள்விகளே போதும். வரிக்குதிரை டேனியோ இரண்டிலும் தேறிவிடும். அடியில் மேயும் வெண்கலக் கோரிடோராஸும் ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் அது இருக்கும் தொட்டியில், மோலிக்கு நல்லது என்று சொல்லி உப்பைக் கொட்டக் கூடாது. நியான் டெட்ரா மென்மையான, சற்றே புளிப்பான தண்ணீருக்குரியது; இங்கே உயிரோடு இருக்கும், ஆனால் வாழாது. டைகர் பார்ப் கப்பியின் வாலை நாராக்கிவிடும். தன் இனத்தைக் கண்டாலே சண்டைக்குப் போகும் ஃபைட்டர் மீனுக்குக் கப்பியின் வால் இன்னொரு ஃபைட்டராகவே தெரியும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடைக்காரர் இலவசமாகவே தரும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. கொசுவை ஒழிக்கக் கிணறுகளில் விடப்படும் கம்பூசியாவும் குட்டி போடும் இனந்தான். 1928 முதல் நம் நாட்டில் இருக்கிறது. பார்க்கப் பெண் கப்பிபோல் இருக்கிறதே என்று வீட்டுக் கிணற்றிலிருந்து பிடித்துத் தொட்டியில் விட்டால் அடுத்த நாளே மற்ற மீன்களின் துடுப்புகள் கிழிந்திருக்கும்.

கடைகளுக்கு மீன் வருவது பெரும்பாலும் சென்னை கொளத்தூர் வழியாக. நெடும்பயணம் செய்த மீன் இறங்கிய அன்றே அதை வாங்காமல், நான்கைந்து நாள் கழித்துப் போய், தொட்டியின் முன்னால் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வயிறு ஒட்டியிருப்பது, வெள்ளை நூல்போல் கழிவு தொங்குவது, உடலில் ரவை தூவியதுபோல் புள்ளிகள் இருப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்தத் தொட்டியில் உள்ள நல்ல மீனையும் வாங்கக் கூடாது. வடிகட்டி ஓடத் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரங்களில்தான் அதில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் நிலைகொள்ளும் என்பதால், முதலில் மூன்று நான்கு பிளாட்டிகளை மட்டும் விட்டு, அந்தக் காலம் கழிந்த பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு கடுமையாக இருக்கும். ஆகவே தீனியை அள்ளிப் போடுவது நம் ஊர்த் தண்ணீரில் இரட்டைத் தவறு. மோலிக்கும் பிளாட்டிக்கும் வாரம் இருமுறை வெந்நீரில் வதக்கிய பசலைக்கீரை கொடுக்கலாம்.

தொட்டியை வளவின் திறந்த முற்றத்தை ஒட்டி வைத்தால் வெயில் பட்டுத் தண்ணீர் சூடாகும், பாசியும் பிடிக்கும். தடித்த சுவரின் குளிர்ச்சி உள்ள உள்ளறை ஏற்றது. இரும்புத் தாங்கியின் கால்களுக்கு ரப்பர் அடை வைக்காவிட்டால் ஆத்தங்குடிக் கல்லில் துருக்கறை நிரந்தரமாகிவிடும். எங்கள் வீட்டில் நான்கு பழுப்பு வட்டங்கள் இன்றும் இருக்கின்றன.

ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி அடர்ந்த தொட்டியில் பெரிய மீன்கள் தின்றது போகச் சில குட்டிகள் பிழைத்துவிடும். இடம் நெருங்கும்போது அவற்றை ஊருணியில் விடுவது தவறு. அங்குள்ள நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அவை தின்றுவிடும். அதே தண்ணீர் உள்ள பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதே எளிது, அங்கே அவற்றைப் பழக்க வேண்டிய வேலைகூட இல்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது அதை மீண்டும் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியாகும் அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ, ஓட்டுக் கூரையிலிருந்து பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்ற வேண்டும். வாரந்தோறும் கால்பங்கு தண்ணீரை மாற்றும்போதுதான் அப்பத்தாவின் இரண்டாவது குடத்துக்கு வேலை.