முதலில் யோக், அப்புறம் டிரிம்: பழகுநர்கள் செய்யும் தவறுகள்

செஸ்னா 172 விமானத்தில் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குக் கீழே ஒரு கறுப்புச் சக்கரம் பாதி வெளியே தெரியும். அதுதான் பிட்ச் டிரிம், மூக்கை மேலோ கீழோ பிடித்திருக்கக் கையில் விழும் பாரத்தை இறக்கிவைப்பது. புதிதாகப் பறக்கப் பழகுகிறவர்கள் யோக்கோடு, அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடியோடு, மல்லுக்கட்டிக் கை கடுத்துப்போய் இறங்குவார்கள். அதற்குப் பாதிக் காரணம் இந்தச் சக்கரத்தைத் தொடாமலே இருப்பது. மீதிப் பாதி, தொடக் கூடாத நேரத்தில் தொடுவது.

சக்கரத்தைச் சுற்றினால் செயினும் கேபிளும் வால்வரை ஓடி அங்கே ஒரு திருகைத் திருப்பும். திருகு ஒரு கம்பியைத் தள்ளும். வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகைதான் எலிவேட்டர். வலப்பக்க எலிவேட்டரின் பின்விளிம்பில் கீல் போட்டு மாட்டியிருக்கும் சின்னத் தகடு, அதாவது டிரிம் டேப், மேலோ கீழோ சாயும். டேப் கீழே சாய்ந்தால் காற்று அதை மேலே தள்ளும். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் லேசாகத் திறந்துகொள்வதைப் போல, கீலிலிருந்து தள்ளி இருப்பதால் அந்தச் சின்னத் தகடே மொத்த எலிவேட்டரையும் தூக்கிவிடும். எலிவேட்டர் மேலே போனால் வால் அமுங்கும், மூக்கு எழும். ஆக, மூக்கு மேலே போக வேண்டுமென்றால் டேப் கீழே போக வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

எல்லா விமானமும் இப்படி இல்லை. பைப்பர் செரோக்கியில் வாலின் கிடைமட்டப் பகுதி முழுவதும் ஒரே பலகையாக அசையும். அதன் பின்விளிம்பில் இருக்கும் டேப்தான் யோக்குக்குக் கனத்தையும் கொடுக்கிறது, டிரிமையும் பார்த்துக்கொள்கிறது. பைப்பர் கப், செஸ்னா 180 போன்றவற்றில் டேப் கிடையாது, எலிவேட்டருக்கு முன்னால் இருக்கும் கிடைமட்டப் பலகையான ஸ்டெபிலைசரே சாயும். வேறு சிலவற்றில் ஸ்பிரிங்கின் இழுவிசையை மாற்றுவதுதான் டிரிம்.

சரி, டிரிம் எதைப் பிடித்து வைக்கிறது? உயரத்தை என்று நினைத்துக்கொள்வதிலிருந்துதான் முக்கால்வாசித் தவறுகள் கிளம்புகின்றன. காத்தாடிக்குச் சூத்திரம் கட்டுவோமே, யாழ்ப்பாணத்தில் முச்சை என்பார்களே, அந்த முடிச்சு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் காத்தாடி காற்றுக்கு எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பது அமைகிறது. டிரிம் கட்டுவதும் அதே மாதிரி ஒரு கோணத்தைத்தான்: இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம். அந்தக் கோணத்துக்கு ஏற்ற வேகம் ஒன்று உண்டு. 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் டிரிம் செய்துவிட்டுக் கையை எடுத்து, த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். விமானம் மூக்கைத் தாழ்த்தும், ஒன்றிரண்டு முறை மேலும் கீழும் ஆடும், பிறகு கிட்டத்தட்ட அதே 100 நாட்டில் இறங்கத் தொடங்கும். உயரத்தைப் பற்றி அதற்கு எந்த அக்கறையும் இல்லை.

இது புரியாதவர்கள் சக்கரத்தாலேயே விமானத்தை ஓட்டுவார்கள். 50 அடி கீழே போய்விட்டதா, சக்கரத்தை ஒரு சுற்று. மேலே போய்விட்டதா, திரும்ப ஒரு சுற்று. விமானம் பதில் சொல்வதற்குள் அடுத்த சுற்று விழுந்துவிடும். உயரமானி ஊஞ்சல் ஆடும். யோக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் முதல் வேலை. அதைப் பிடித்திருக்கக் கையில் எவ்வளவு பாரம் விழுகிறதோ அதை இறக்கி வைப்பது மட்டும்தான் சக்கரத்தின் வேலை.

அவசரமும் இதே குடும்பம்தான். 172எஸ் மாடலில் 74 நாட்டில் ஏறிவந்து நேர்ப்பறப்புக்கு மாறுகிறீர்கள் என்று வையுங்கள். மூக்கைத் தாழ்த்தியதுமே யோக் கையைத் தள்ளும், உடனே சுற்றிவிடத் தோன்றும். ஆனால் வேகம் இன்னும் கூடிக்கொண்டே இருக்கிறது. 85 நாட்டில் செய்த டிரிம் 110 நாட்டுக்குப் போதாது. பொறுத்திருந்து, வேகம் நின்ற பிறகு, த்ராட்டிலையும் குறைத்து, அதற்கப்புறம் டிரிம் செய்யுங்கள். இடையில் கை வலித்தால் தோராயமாகக் கொஞ்சம் சுற்றிக்கொள்வதில் தப்பில்லை. கடைசி நுணுக்கத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

யோக்கை முஷ்டியால் பிடித்திருப்பவருக்கு எந்தப் பக்கம் பாரம் இருக்கிறது என்றே தெரியாது. இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும். நல்ல இன்ஸ்ட்ரக்டர்கள் திடீரென்று “கையை விடுங்க” என்பார்கள். மூக்கு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் உங்கள் மதிப்பெண்.

திசைக் குழப்பம் வேறு இருக்கிறது. செஸ்னா சக்கரத்தின் நம்மைப் பார்த்த விளிம்பை விரலால் மேலே தள்ளினால் மூக்கு கீழே போகும். மனசு ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆகும். சக்கரம் மொத்தமாக முன்பக்கம் உருளுகிறது, மூக்கும் முன்னால் கவிழ்கிறது என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். பழைய செரோக்கிகளில் கூரையில் ஒரு கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புறப்படும்போது டிரிம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஓடுவது இன்னொன்று. போன முறை தரையிறங்கியவர் மூக்கு மேலே போகும்படி டிரிம் செய்து அப்படியே விட்டிருப்பார். முழு த்ராட்டிலில் ஓடும்போது நாம் இழுப்பதற்கு முன்பே மூக்கு தானாக எழுந்து, வேகம் சேராமலே விமானம் தரையை விட்டுவிடும். யோக்கை முன்னால் தள்ளி அடக்கிக்கொண்டுதான் சக்கரத்தைத் தேட வேண்டும். புறப்பாட்டுக் குறியீட்டில் முள்ளை வைத்தால் வேலை முடிந்தது என்றும் இல்லை. முன்னால் இருவர் மட்டும் இருக்கும்போதும், பின்சீட்டில் இருவரும் பைகளும் ஏறும்போதும் யோக்கில் கிடைக்கும் கனம் வேறு வேறு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கோ-அரவுண்ட், அதாவது தரையிறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், 65 நாட், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் முழுதும் இறங்கியிருக்கிறது, த்ராட்டில் குறைவு, கையை விட்டாலும் நிற்கிற மாதிரி அழகாக டிரிம் செய்திருக்கிறீர்கள். ஓடுபாதையில் ஏதோ குறுக்கே வருகிறது. த்ராட்டிலை முழுதாகத் தள்ளுகிறீர்கள். அந்த டிரிம் குறைந்த சக்திக்குப் போட்டது. இப்போது புரொப்பெல்லர் வீசும் காற்று வாலில் மோதி அதைக் கீழே அமுக்குகிறது. மூக்கு நீங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக, நிறைய எழுகிறது. ஃபிளாப் இழுத்துப் பிடிப்பதால் வேகமும் சேராது. தரைக்கு ஒட்டிய உயரத்தில் ஸ்டால் ஆக, அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்க, இது போதும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் பயிற்சிக் கையேட்டில் இதற்கு எலிவேட்டர் டிரிம் ஸ்டால் என்றே தனிப்பெயர் உண்டு. பாதுகாப்பான உயரத்தில் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

இங்கே செய்யும் தப்பு, மூக்கு எழுவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்து சக்கரத்தைத் தேடுவது. த்ராட்டிலைத் தள்ளும் கையோடு கூடவே யோக்கைத் தள்ளும் கையும் போக வேண்டும். தள்ளுவது அசாத்தியக் கனமாக இருக்கும், இருக்கட்டும். மூக்கு அடங்கிய பிறகு, பார்வையை வெளியே வைத்தபடியே, சக்கரத்தை முன்பக்கம் இரண்டு மூன்று இழுப்பு. 172எஸ் கையேடு ஃபிளாப்பை 20 டிகிரிக்கு ஏற்றி 60 நாட்டில் ஏறச் சொல்கிறது. தரையிறங்கும்போது கடைசி இழுப்பு லேசாக இருக்கட்டும் என்று ஃபைனலில் கூடுதலாக மூக்குத் தூக்கி டிரிம் செய்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. கோ-அரவுண்டில் அதற்கும் சேர்த்துத்தான் தள்ள வேண்டியிருக்கும்.

செங்குத்தான திருப்பங்களில் டிரிம் செய்யலாமா என்று கேட்பார்கள். முப்பது விநாடித் திருப்பத்துக்குச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது மறந்தால் விமானம் மேலே துள்ளும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

மின்சார டிரிம் இருந்தால் கவனிக்க வேண்டியவை வேறு. யோக்கில் இருக்கும் பொத்தான் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதியை மட்டும் தள்ளினால் எதுவும் அசையக் கூடாது. பறப்பதற்கு முன் இதைச் சோதிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். டிரிம் தானாக ஓட ஆரம்பித்தால் யோக்கை இறுக்கிப் பிடியுங்கள், துண்டிப்புப் பொத்தானை அழுத்துங்கள், சர்க்யூட் பிரேக்கரை இழுங்கள். மூக்கு கீழே ஓடுகிறதென்றால் த்ராட்டிலைக் குறையுங்கள். வேகம் குறையக் குறையக் கையில் விழும் பாரமும் குறையும். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் யோக்கை இழுத்தால், தானாக டிரிம் செய்யும் வகை என்றால் அது எதிர்த்திசையில் டிரிம் செய்துகொண்டே போகும். துண்டித்த கணத்தில் மொத்தமும் உங்கள் கையில் விழும்.

டேப் எந்தப் பக்கம் போகும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. 2003 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பீச்கிராஃப்ட் 1900டி, டிரிம் கேபிள் மாற்றிய பிறகு புறப்பட்ட முதல் பயணத்திலேயே கடலில் விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். கேபிள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்ததால் டேப் எதிர்ப்பக்கம் போனது. தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டுப் படமே தப்பாக இருந்தது. வேலை முடித்தவர்களும் சரியாகச் சோதிக்கவில்லை, விமானிகளும் செக்லிஸ்ட்டை முறையாகப் பின்பற்றவில்லை. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ரினோ விமானப் பந்தயத்தில் ஒரு பி-51 ரகப் பழைய போர் விமானம் பார்வையாளர் பகுதியில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். டிரிம் டேப்பின் திருகுகள் தளர்ந்து டேப் படபடத்ததில் தொடங்கிய விபத்து அது.

அதனால் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது டேப்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வால் பக்கம் ஏதாவது வேலை நடந்திருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, மூக்கு மேலே என்று சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு வால் பக்கம் போய் நில்லுங்கள். டேப் கீழே வர வேண்டும்.